கடைவாய்ப் பல்

ஆற்று முதலையின் வாய்க்குள் நின்று பல் இடுக்கைக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஆள்காட்டிக் குருவி, தயங்கித் தயங்கிச் சொன்னது: "ஐயா, நாளையிலிருந்து ஏரி முதலைகிட்ட வேலைக்குப் போறேன். நீங்க என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொன்னா உதவியா இருக்கும்."

மேல்தாடை மெல்ல இறங்கியது. வாய்க்குள் இருட்டியது. நிற்கக்கூடாத இடத்தில் நின்று கேட்டுவிட்டோம் என்று குருவிக்கு அப்போதுதான் உறைத்தது. பாக்கியிருந்த கடைவாய்ப் பல்லையும் சுத்தம் செய்து முடித்தது.

தாடை உயர்ந்தது. குருவி வெளியே வந்ததும் முதலை சொன்னது: "நல்ல வேலைக்காரன்னு நான் சொன்னதாச் சொல்லு."

மறுநாள் குருவி போய் அதைச் சொன்னதும், ஏரி முதலைக்கு அதுவே போதுமாயிருந்தது. "உள்ளே வா," என்று வாயைப் பிளந்தது. பல் இடுக்கில் ஒரு சின்ன இறகு சிக்கியிருந்தது.

குருவி கரையில் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "வர்றேங்க. இதுக்கு முன்னாடி இங்க வேலை பார்த்தவர் எங்க இருக்கார்னு சொல்லுங்க, அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."