முப்பத்தெட்டோடு நின்றது

மாதம்மாளுக்கு நடந்தது பச்சை அநியாயம். ஒரே நாளில் நாற்பது கிலோ காப்பிப் பழம் பறித்துக் காட்டுகிறவர்களுக்கு எஸ்டேட்டில் நிரந்தர வேலை என்றார்கள். நேற்று நாற்பத்திரண்டு பறித்தவள் பேரைப் பட்டியலில் காணோம்.

லீவுக்குக் கொட்டச்சேடு வந்திருந்த லூர்துசெல்விக்கு ரத்தம் கொதித்தது. சேலத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். மாதம்மாளைக் கூட்டிக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனாள்.

"எடையில கை வெச்சுட்டீங்களா, மாமா?"

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பாக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "கம்ப்யூட்டர்ல அடிச்சது நான்தான் கண்ணு, ஆனா..."

"ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும்."

இல்லாதவள் என்றால் இளப்பமா, கேட்க நாதியில்லை என்ற நினைப்பா என்று கால் மணி நேரம் பொரிந்து தள்ளினாள். நடுவில் இரண்டு தடவை அவர் வாயெடுத்தார். இரண்டு தடவையும் மிச்சத்தை அவளே முடித்துவைத்தாள். வாசற்படியில் மாதம்மாள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு மணி பஸ்ஸில் பட்டியல் சேலம் போய்விடும்.

பாக்கியநாதன் பேச்சை விட்டுவிட்டுக் கீபோர்டை இழுத்தார். மாதம்மாளின் எடைச் சீட்டில் இருந்தபடியே தட்டினார்: 38+4. காலை எடை, சாயங்கால எடை. முப்பது வருஷமாக எடைக் கொட்டகையில் அப்படித்தான் எழுதுவது.

திரையில் விழுந்தது 38.

லூர்துசெல்விக்கு முகம் செத்துவிட்டது. தட்டுகிற எழுத்தை எண்ணாக மாற்றும் புரோகிராம், போன லீவில் அவள் எழுதிக் கொடுத்தது. வேகமாக ஓடட்டும் என்று இயங்குதளத்தின் கர்னலுக்குள்ளேயே, மெஷினின் அடிமடியிலேயே வைத்திருந்தாள். இலக்கம் இருக்கும்வரை வாசிக்கும். வேறு குறி வந்தால் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

உடனே உட்கார்ந்து திருத்தினாள். மதியச் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

அவர் மறுபடி 38+4 தட்டினார். 'இது எண் இல்லை' என்று மெஷின் மறுத்தது. கூட்டி 42 என்று தட்டினார், ஏற்றுக்கொண்டது. மாதம்மாளோடு, அதேபோல் சாயங்கால எடை விழுங்கப்பட்ட இன்னும் ஏழு பேர் பட்டியலில் ஏறினார்கள். மணி மூன்றரை.

"வந்ததுமே சொல்லியிருக்கலாமே, மாமா," என்றாள் லூர்துசெல்வி, தரையைப் பார்த்துக்கொண்டு.

பாக்கியநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மூணு தடவ ஆரம்பிச்சனுங்க கண்ணு. நீங்களும் முப்பத்தெட்டோட நிறுத்திப்போட்டீங்க."