ஆளுக்கு இரண்டு குடம்

"வீட்டுக்கு ஒரு குடம் தூக்கித் தாங்கன்னா முடியாது. மாடிக்குப் போய் மாசம் எண்ணூறு ரூபா கொடுத்துத் தூக்கறீங்களா?"

நாகலக்ஷ்மி கேட்டபோது பத்ரிநாராயணன் ஷூ போட்டுக்கொண்டிருந்தார்.

சாதாரண ஷூ இல்லை. அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பியது. கையுறை மாதிரி ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி அறை. ஐந்து விரலையும் அதனதன் அறையில் குடியேற்ற அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். போட்டுக்கொண்டால் வெறுங்காலோடு நடக்கிற மாதிரியே இருக்குமாம்.

"அதுக்கு வெறுங்காலோடயே நடக்கலாமே?" என்று முதல் நாளே கேட்டாள்.

"உனக்குப் புரியாது. இது மினிமலிஸ்ட்."

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்த மூன்று மாடி ஃப்ளாட்டில் லிஃப்ட் கிடையாது. இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரலில் போர்வெல்லும் வறண்டுவிட்டது. தெருமுனைத் தொட்டியில் லாரி வந்து தண்ணீர் ஊற்றும். அவரவர் பிடித்து அவரவர் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். பத்ரிநாராயணன் பேங்க் மேனேஜர். ஃப்ளாட் அசோசியேஷன் செக்ரட்டரி வேறு. இரண்டு பதவிக்கும் குடம் தூக்குவது ஒத்துவரவில்லை. நாகலக்ஷ்மிதான் தூக்கினாள்.

முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிற அக்தர், ஜனவரியிலிருந்து மொட்டை மாடியில் வகுப்பு நடத்துகிறான். 'ஃபங்ஷனல் மூவ்மென்ட்' என்று பேர். காலை ஆறு மணிக்கு ஆறு ஆம்பிளைகள் தடிமனான கயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டுப் போட்டுச் சுழற்றுவார்கள். பார்த்தால் ஈ ஓட்டுவது போல இருக்கும். அதுவரை நாகலக்ஷ்மிக்கு ஆட்சேபம் இல்லை.

பதினைந்து நாளாகத்தான் இந்தக் குடம். தெருமுனையில் பிடித்து, மூன்று மாடி ஏறி, மொட்டை மாடி டிரம்மில் ஊற்ற வேண்டும். ஆளுக்கு இரண்டு நடை.

"அதையே நம்ம வீட்டு டிரம்ல ஊத்தினா என்னவாம்?"

"அது வீட்டு வேலைடி. இது லோடட் கேரிங்கற எக்சர்சைஸ். முதல் நடை வலது தோள்ல, ரெண்டாவது நடை இடது தோள்ல. இடுப்புல வெச்சா கோர், அதான் வயித்துத் தசை, வேலை செய்யாது."

"சரி. நேத்து பன்னண்டு குடம் ஊத்தினீங்களே, இன்னிக்கு டிரம் ஏன் காலியா இருக்கு?"

பத்ரிநாராயணன் கொஞ்சம் யோசித்தார்.

"ஆவியாயிருக்கும். மே மாசம் பாரு."

நாகலக்ஷ்மிக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பையன் தண்ணீரை யாருக்கோ விற்கிறான். தூக்குகிற கூலியையும் தூக்குகிறவர்களிடமே வாங்குகிறான். கையும் களவுமாகப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கிலேயே வீட்டைக் காலி செய்ய வைக்கிறேன் என்று கிளம்பினாள்.

ஏழு மணிக்கு வகுப்பு முடிந்தது. குன்றத்தூர் மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு வந்த திருப்தியோடு ஆறு பேரும் இறங்கிப் போனார்கள். நாகலக்ஷ்மி சத்தமில்லாமல் மேலே ஏறினாள்.

அக்தர் டிரம்முக்குள் ஒரு பச்சை டியூபை விட்டு, வாயால் உறிஞ்சி, மறுமுனையைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

"எந்த வீட்டுக்குப்பா விக்கிற?"

அவனுக்குப் புரையேறியது. "மெதுவா பேசுங்க ஆன்ட்டி. அவங்க காதுல விழும்."

எட்டிப் பார்த்தாள். நேர்கீழே மூன்றாவது மாடி பால்கனியில் சாவித்ரி டியூபைப் பிடித்து வாளியில் விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துவைக்க வேண்டிய படுக்கை விரிப்புகள் குவிந்து கிடந்தன. அவள் கணவர் பக்கவாதம் வந்து ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

"ஒரு நாளைக்கு மூணு தடவ விரிப்பு மாத்தணுமாம் ஆன்ட்டி. அவரத் தனியா விட்டுட்டு எத்தன நடை கீழ வருவாங்க? அஞ்சு நாள் நான் ஒருத்தனே தூக்கினேன். முடியல. அதான் இதையும் டிரெய்னிங்ல சேத்துட்டேன்."

"எங்க வீட்டுக்காரர்தானே செக்ரட்டரி? அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"போன மாச மீட்டிங்ல அவங்களே கேட்டாங்களே ஆன்ட்டி. முறை வெச்சு ஆளுக்கு ரெண்டு குடம் தூக்கித் தாங்கன்னு. 'இதெல்லாம் அசோசியேஷன் வேலை இல்லம்மா. இன்னிக்கு உங்களுக்கு செஞ்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க'ன்னு சார்தான் முடிச்சு வெச்சார். மத்தவங்களும் சரின்னுட்டாங்க."

அந்த மீட்டிங் நடந்தது நாகலக்ஷ்மி வீட்டு ஹாலில்தான். அடுப்படியில் இருந்தேன், காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே விழுந்தது. அப்போது அவள் இரண்டாவது ரவுண்டு காபி கலந்துகொண்டிருந்தாள். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

"மீட்டிங்ல சொல்லிடுவீங்களா ஆன்ட்டி? என்னக் காலி பண்ணச் சொன்னா எங்கயாவது போய்க்குவேன். அவங்களுக்குத் தண்ணி நின்னுடும்."

மடிந்து கிடந்த டியூபை நாகலக்ஷ்மி குனிந்து நிமிர்த்திவிட்டாள்.

"எங்க வீட்டுல இன்னொரு டிரம் சும்மா கிடக்கு. கொண்டு வந்து வெக்கறேன். நாளையிலேர்ந்து ஆளுக்கு மூணு குடம்னு சொல்லிடு."

"சரிங்க ஆன்ட்டி."

"ஆனா, செய்யறது உதவின்னு மட்டும் உங்க சாருக்குத் தெரியவே கூடாதுப்பா. தெரிஞ்சா அன்னிக்கே நின்னுடுவார்."