குச்சிக்கு ஒரு சீட்

டிரைவர் சீட்டில் குச்சி உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பெல்ட்டும் போட்டுவிட்டிருந்தான், காரின் சொந்தக்காரன்.

ஒரு காலத்தில் துடைப்பக் கட்டை. அதை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு அறுத்து, மேல் முனையில் சிவப்பு டேப் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். சிவப்பு டேப்தான் தலை.

"என்ன சார், முதுகுக்குத் தோதா இருக்கா?" என்று சீட் கடைக்காரர் குச்சியிடமே கேட்டார். அவனிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று இந்த வாரத்தில் அவருக்குப் புரிந்திருந்தது.

உட்காரப் போகிற ஆளை உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஃபோமில் கத்தி வைப்பது அந்தக் கடையின் வழக்கம். முதல் நாள் அவனைத்தான் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான். அவன் தலைக்கும் அந்த ஸ்போர்ட்ஸ் காரின் கூரைக்கும் நடுவில் ஒரு சின்னக் குடும்பம் வாடகைக்கு இருக்கலாம்.

"உங்களுக்கு சீட்டை ஏத்தணும் சார், எறக்கக் கூடாது."

"எறக்குங்கண்ணே," என்று குச்சியை நீட்டினான்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இங்கே தலைக்கு மேலே இருந்தது தகரம். விரல் விரலாகத்தான் இறங்க வேண்டியிருந்தது.

ஃபோமைப் பாதியாக அறுத்தார்கள். சிவப்பு டேப் கூரையில் இடித்தது.

சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் ரெயிலையே கழற்றி எறிந்துவிட்டு, சீட்டை நேராகத் தரையில் போல்ட் போட்டார்கள். இடித்தது.

முதுகுப் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்தார்கள். மெலிந்த ஃபோமில் இடுப்பு வலிக்கக் கூடாது என்று அதற்குப் பதில் அதே கனத்தில் கெட்டி ஃபோம் வைக்கச் சொன்னான். தொடை தாங்க முன்பக்கத்தை நீட்டச் சொன்னான். குச்சிக்கு ஏது தொடை என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டால் வேலை நடக்காது.

ஒன்று மட்டும் சொன்னார். "இனிமே இதுல நீங்க உக்காந்தா பிரேக் எட்டாது சார். கண்ணாடி வழியா வானம்தான் தெரியும்."

"தெரியட்டும்."

நாளைக் காலையில் காரை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வருவதாக இருந்தது. குச்சி நுழைந்தால் கார் வீட்டில். நுழையாவிட்டால் அந்த ஆளிடம். அதற்கு மேல் அவன் யாரிடமும் விளக்கவில்லை.

இப்போது குனிந்து, சிவப்பு டேப்புக்கும் கூரைக்கும் நடுவே கையைப் படுக்கவைத்து நுழைத்தான். நான்கு விரலும் போய்வந்தன.

இன்னொரு தடவை நுழைத்துப் பார்த்தான். பிறகு போனை எடுத்து, "வா" என்று மட்டும் சொன்னான்.

மாலை வெயிலுக்காகக் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. மேலே என்ன என்று பார்த்தால், அங்கேயும் கால்கள்தான். பிறகு அவன் மனைவி குனிந்து உள்ளே வந்தாள்.

கடைக்காரர் அவளைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றிக் குச்சியை மரியாதையாக வெளியே எடுத்தார்.

இந்தக் காரில் அவள் இரண்டு தடவைதான் ஏறியிருக்கிறாள். இரண்டு தடவையும் கழுத்து பிடித்துக்கொண்டது. "நீங்க முன்னாடி போங்க, நான் பஸ்ல வரேன்" என்றுவிட்டாள். அவனுக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

கல்யாணப் போட்டோவுக்கு அவனை ஒரு பெட்டிமேல் ஏற்றி நிறுத்தினார்கள். அதுவும் போதாமல் அவளைக் கொஞ்சம் முட்டியை மடக்கு, கொஞ்சம் கழுத்தைக் குறை என்றார்கள். போட்டோ முடிந்ததும் முட்டி நிமிர்ந்துவிட்டது. கழுத்துக்கு யாரும் சொல்லவில்லை.

"ஏறு," என்றான்.

முதலில் ஒரு காலை உள்ளே விட்டாள். பிறகு தன்னை மடித்து விட்டாள். பிறகு இன்னொரு காலை.

இடிக்கவில்லை.

ஸ்டியரிங்கில் கை வைத்தாள். தொடையைத் தாங்கிய நீட்டலைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்தாள். ஏதோ நெடுஞ்சாலையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். தோள் தளர்ந்தது. முதுகு சீட்டில் சாய்ந்தது. கழுத்து, யாரையும் கேட்காமல், மெல்ல நிமிர்ந்தது.

டொக்.

"ஐயோ, ஒண்ணும் இல்லங்க," என்று உடனே தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்படி இருந்தா சரியாத்தான் இருக்கு. பாருங்க."

அவன் கையை நுழைத்துப் பார்த்தான். நான்கு விரல். அச்சு அசல் குச்சி.

சாப்பாட்டு மேசையில் அவள் போன் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் போய்ச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு எடுத்த அளவு அது. அவள் எப்போதும் உட்காருவது போலத்தான் அன்றும் உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் கையிலிருந்து குச்சியை வாங்கினான்.

பிறகு அதை முட்டியில் வைத்து இரண்டாக ஒடித்தான்.

"எறங்கு. அந்த ஸ்டூல்ல உக்காரு. நிமிந்து உக்காரணும். அண்ணே, அளவு டேப்ப எடுங்க."

"எதுக்குங்க வம்பு? நாளைக்குத்தான் வாங்க ஆள் வராரே."

"வித்துப்போச்சுன்னு சொல்லிக்கிறேன்."

அவள் இறங்கினாள். பழக்க தோஷத்தில் ஸ்டூலிலும் குனிந்தே உட்கார்ந்தாள். அவன் எதிரே வந்து நின்றான். அவன் நகர்கிற மாதிரி தெரியவில்லை.

கடைக்காரர் அளவு டேப்போடு வந்தார். பாதி வழியில் நின்று, "வெளிச்சம் பத்தல," என்று பொதுவாகச் சொன்னார்.

தலைக்கு மேலே டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

போய், அவள் குனிந்து நுழைந்த ஷட்டரை முழுசாக மேலே தள்ளிவிட்டு வந்தார்.