கயிற்றோடு போனவன்

கொக்கியில் மாட்டியிருந்த நைலான் கயிற்றைக் காணவில்லை. மத்தியானம் அங்கேதான் இருந்தது. புருஷன் தனக்கோடியையும் வீட்டில் காணவில்லை. 

"நைனா எங்கடி?"

"கயித்த எடுத்துக்கினு போச்சு," என்றாள் மகள். "எங்க போறேனு கேட்டேன். திரும்பிக்கூட பாக்கல."

கொரோனா வந்து, பட்டணத்து ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்து, பிழைக்க மாட்டான் என்று கைவிடப்பட்டு, எப்படியோ பிழைத்து வந்தவன் தனக்கோடி. திரும்பி வந்த அன்று கோட்டைக்குப்பமே தெருவில் நின்று வரவேற்றது. கொஞ்சம் எட்ட நின்றுதான்.

உடம்பு தேறிவிட்டது என்று சாந்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பொய்யில்லை. வந்த புதிதில் இருமி இருமி வீட்டையே கலக்கினான். அவன் தொண்டையைச் செருமினாலே மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்ட சமர்த்து. இப்போது ஒரு மாதமாக வீட்டில் ஓர் இருமல் கிடையாது.

மனசுதான் தேறவில்லை. ராத்திரியில் தூக்கமில்லை. பாதிச் சோற்றில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவான். ஏரியில் வலை விட அவன் முறை வந்தபோதும் கூட்டாளிகள்தான் போனார்கள். வலை பழுது பார்க்கவாவது போ என்று அவள் ஒரு நாள் கரைக்கு விரட்டினாள். போன வேகத்தில் திரும்பி வந்தான். ஏன் என்று கேட்டதற்கு, துண்டை விரித்துத் திண்ணையில் படுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் செத்ததைக் கண்ணால் பார்த்தவன், அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று சாந்தி தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

நேற்றுதான், டச்சுக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்வீட்டுக் கைருன் பீவி, கருவாடு வாங்க வந்தவள், ஒரு விஷயத்தைக் காதில் போட்டுவிட்டுப் போனாள்.

"தப்பா நெனைக்காத சாந்தி. உன் வூட்டுக்காரரு தெனம் சாயங்காலம் கல்லறைக்குள்ள போயி குந்திக்கினு இருக்காரு. சமாதிங்ககிட்ட ஏதோ பேசுறாரு. எதுக்கும் ஒரு எட்டு பாத்துக்கோ."

"காத்தாட போறாரு பாயம்மா," என்று சாந்தி சிரித்து மழுப்பினாள்.

காத்தாடப் போகிறவனுக்குக் கயிறு எதற்கு?

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடினாள். கடைத்தெருவில் செருப்பு அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். பிறகு அதே சாமிகளைத் திட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பிக் கொடுத்தது இதற்குத்தானா?

கல்லறை வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியவைதான். இன்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. உள்ளேயிருந்து, மூச்சு முட்டுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"மாமா," என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தாள்.

கரையிலிருந்து தூக்கி வந்த வலையைச் சமாதிகளுக்கு நடுவே புல்லில் விரித்துப்போட்டு, அதன் ஓரத்தில் அந்தக் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தான் தனக்கோடி. கோத்த கயிறு மடியில் கிடக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய இருமினான். ஒரு மாதத்து இருமலையும் சேர்த்து வைத்து இருமுவதுபோல் இருமினான். முடித்ததும், பக்கத்துச் சமாதியைப் பார்த்து, "இன்னாபா, தூக்கம் கெட்டுச்சா?" என்று கேட்டான்.

 சாந்திக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"எனக்கு உசுரே போயிடுச்சு. வலை தைக்க நமக்குக் கரை இல்லையா? வூடு இல்லையா? செத்தவங்க நடுவுல வந்து எதுக்குயா குந்தியிருக்கிற?"

தனக்கோடி பதில் சொல்ல வாயெடுத்தான். மறுபடியும் இருமல் பொத்துக்கொண்டு வந்தது. தன்னையறியாமல் சாந்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அவன் அதைப் பார்த்தான். இருமல் அடங்கும்வரை காத்திருந்து, சுற்றியிருந்த சமாதிகளைக் கையால் காட்டினான்.

"நான் இருமினா இவங்கதான் எந்திரிச்சிப் போறதில்ல."