மூன்று ஃபியூஸ் கட்டைகள்

கம்பத்தில் ஏறும் முன் தெருவின் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொள்வது லைன்மேன் தாவீதின் வழக்கம். தெரியாமல் யாரும் மாட்டிவிடக் கூடாதே. அன்று மின்சாரம் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரவில்லை; கடைசி வீட்டு ஜெனரேட்டரிலிருந்து கம்பி வழியே பின்னோக்கி வந்தது.

பிணவறை வாசலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி ஜெபமணி. கடைசி வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் குனிந்தார்.

“தங்கச்சி, ஆபீசுல வேற கட்டை இல்லையாம். அதக் குடுத்தீங்கன்னா தெருவுக்கே கரண்டு வந்துரும். புள்ளைங்க புழுக்கத்துல கெடக்குது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க ஜெனரேட்டர் என்னாச்சுண்ணே?”

“டீசல் தீந்துபோச்சும்மா” என்றார்.

ஜெபமணி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.