விளம்பரத்து மூக்கு

கட்டிய மனைவி வீட்டில் இருக்க, அந்த மனிதர் பஸ் ஸ்டாப்பில் நின்று வேறொருத்தியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது, போயும் விட்டது. அவர் அசையவில்லை.

அவள் எதிர்க் கட்டட உச்சியில், விளம்பரப் பலகையில் இருந்தாள். கண்ணை மூடிப் பக்கவாட்டில் திரும்பி, ஒரு சென்ட் பாட்டிலை முகர்ந்துகொண்டிருந்தாள். பலகையாக இருந்தால் என்ன, பார்வை பார்வைதானே. தெருக்காரர்கள் நாம் சும்மா இருப்போமா, அவர் மனைவியிடம் சொல்லிவிட்டோம்.

மனைவிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பட்டப்பெயர் கிளி. மூக்கு லேசாக வளைந்திருக்கும். அந்தப் பெயர் வந்த பிறகு எந்தப் போட்டோவுக்கும் அவள் பக்கவாட்டில் நின்றதில்லை. கண்ணாடியையும் நேருக்கு நேர்தான் பார்ப்பாள்.

அன்று சாயங்காலம் தட்டை வைத்த சத்தத்திலேயே கேள்வி இருந்தது.

"யாரு அவ?"

"எவ?"

"சென்ட்டை மோந்துக்கிட்டு நிக்கிறாளே, அவதான்."

"அதுவா... ஆபீஸ் விளம்பரம். சும்மா பாத்தேன்."

அவருக்கு விளம்பரக் கம்பெனியில் வேலை. ஊர்ப் பெண்களின் பருவையும் சுருக்கத்தையும் கம்ப்யூட்டரில் அழிப்பார். வீட்டில் ஒட்டடை அடிக்க மட்டும் கை வராது.

"ரொம்ப அழகோ?"

"முகம் சுமார்தான். அந்த மூக்கு இருக்கே, அதுதான்..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைத் தண்ணீரோடு விழுங்கினார்.

மறுவாரமே மூக்கைச் சரிசெய்யும் டாக்டரிடம் போனாள் கிளி. பத்திரிகையில் வந்த அதே விளம்பரத்தைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். பின்னாலேயே ஓடினார் கணவர்.

"வேணாம்மா. உன் மூக்குக்கு என்ன குறைச்சல்?"

"இத்தனை வருஷமா சொல்லாததை இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

டாக்டர் அறையில் நடந்தது அப்படியே நமக்குத் தெரியும். அங்கே வரவேற்பில் இருப்பவள் நம் தெரு மருந்துக்கடைக்காரியின் தங்கை.

அவள் நீட்டிய படத்தை டாக்டர் பார்த்தார். "இது உங்க பழைய போட்டோவா?"

"இல்ல டாக்டர். என் மூக்கை இந்த மாதிரி ஆக்கணும்."

அவளைப் பக்கவாட்டில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். இரண்டையும் கம்ப்யூட்டர் திரையில் அருகருகே வைத்தார். கொஞ்ச நேரம் தன் மூக்கையே சொறிந்துகொண்டார்.

"இதுல நான் எதைம்மா வெட்டணும்?"

கிளி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் வேறு வழியில்லாமல் உண்மையைக் கக்கினார்.

"அந்த மாடல் பொண்ணு ஏற்கெனவே மூக்கைச் செதுக்கிக்கிட்டு வந்துட்டா. இத்தனூண்டு மூக்கு. இதை வெச்சுக்கிட்டு எதை மோந்து பாக்குறதுன்னு சென்ட் கம்பெனிக்காரங்க ஒரே தகராறு. படத்துல வேற மூக்கு ஒட்டச் சொன்னாங்க. கடற்கரையில உனக்குத் தெரியாம நான் எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துச்சு. எத்தனையோ மூக்கைப் பாத்தாச்சு, எனக்கு உன்னோடதுதான் பிடிச்சுது. சொன்னா நீ பலகையில ஏறிக் கிழிச்சுருவேன்னு பயம்."

கிளி திரையை வெகுநேரம் பார்த்தாள். விரலால் மூக்கின் வளைவை மெல்லத் தடவினாள். இத்தனை நாள் ஊரே பார்த்ததை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். வந்த சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஒரு வருமானம் போன வருத்தத்தோடு எழுந்து கைகூப்பினார். கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியின் கைப்பையைத் தானே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வாசல்வரை வந்த கிளி நின்றாள். கத்தரித்த படத்தை மறுபடியும் கண்ணருகே கொண்டுபோனாள்.

"சரி, அந்த உதடு யாருது?"