மணி அடித்த வீடு

அமெரிக்காவில் ஒரு வீட்டின் அழைப்பு மணி வாய் திறந்து வெகுநாளாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் காரில் உட்கார்ந்தபடியே ‘வந்துட்டேன்’ என்று போனில் செய்தி அனுப்பிவிடுகிறார்கள்.

அன்று ஒரு விரல் மணியை அழுத்தியது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த லொரேன், சுடச்சுட ஆப்பிள் கேக் தட்டோடு நின்றாள். மணி பூரித்துப்போய்த் தொண்டை கிழியக் கூவியது.

உள்ளே டிவி சட்டென்று அடங்கியது. வீட்டுக்காரி மேகன், "உஷ், அசையாதே!" என்று கணவனையும் இழுத்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் பதுங்கினாள்.

லொரேன் சிரித்த முகத்தோடு மறுபடியும் அழுத்தினாள். ஏன்தான் கத்தித் தொலைக்கிறோமோ என்று கூனிக் குறுகியபடியே மணி ஒலித்தது.

"யாரும் வரலையா அண்ணே?" என்றது வாசலில் கிடந்த கால்மிதி.

"வீட்டுல யாரும் இல்லடா," என்றது மணி.

"டிவி இப்பத்தானே நின்னுச்சு?"

டிவி நின்றது லொரேனுக்கும் கேட்டிருந்தது. அவள் குனிந்து தட்டைக் கால்மிதிமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

"நல்லவேளை அண்ணே," என்றது கால்மிதி. "என் மேல ‘நல்வரவு’ன்னு எழுதியிருக்கே, அதையாவது மூடிட்டுப் போனாங்க."